புது ரிவால்வரில் சுட்டபின் தெரியும் கறையும் தேய்மானமும்: எது இயல்பு, எது கோளாறு?

புது ரிவால்வரை ரேஞ்சுக்குக் கொண்டுபோய் ஒரு பெட்டித் தோட்டாவைச் சுட்டுவிட்டுச் சிலிண்டரைத் திறந்து பார்க்கும்போது பலருக்கும் பகீரென்கிறது. காலையில் பளபளவென்று இருந்த சிலிண்டர் முகப்பில் ஆறு அறைகளின் வாயைச் சுற்றியும் கறுப்பு வளையம். சிலிண்டரின் வெளிப்புறத்தைச் சுற்றி மெல்லிய கோடு. ஃப்ரேமின் மேல்பட்டைக்கு அடியில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒட்டியிருக்கிறது. வாங்கிய அன்றே கெட்டுப்போனதா என்ற சந்தேகம் வருவது இயல்புதான்.

இவற்றில் பெரும்பாலானவை கோளாறே அல்ல. ஆனால் சில அடையாளங்கள் உண்மையிலேயே எச்சரிக்கை. சிக்கல் என்னவென்றால், கவலைப்படத் தேவையில்லாத வளையத்தை மணிக்கணக்கில் தேய்த்துப் பூச்சைக் கெடுத்துக்கொள்கிறார்கள். கவனிக்க வேண்டிய ஈயச் சிதறலை வெறும் அழுக்கு என்று துடைத்துப் போட்டுவிடுகிறார்கள். எந்த அடையாளம் எப்படி உண்டாகிறது என்று தெரிந்தால் இரண்டையும் தவிர்க்கலாம்.

ரிவால்வரைச் சோதிப்பதில் ஒரு பெரிய வசதி உண்டு. குழல் ஒன்று, அறைகள் ஆறு. ஓர் அறையில் தெரிவதை மற்ற ஐந்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆறிலும் ஒரே மாதிரி இருந்தால் அது அந்தத் துப்பாக்கியின் இயல்பு, அல்லது ஆறுக்கும் பொதுவான பாகங்களிலிருந்து வருவது. ஒன்றில் மட்டும் மாறித் தெரிந்தால் தேட வேண்டிய இடம் அந்த அறையோ, சிலிண்டரின் பின்புறத்தில் அந்த அறையைத் திருப்ப வெட்டியிருக்கும் பல்லோதான். வளையமோ சிதறலோ ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் அறையும் குழலும் நேருக்கு நேர் நிற்கவில்லை என்று சந்தேகிக்கலாம். கறை எவ்வளவு கறுப்பு என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அது எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, அடுத்த முறை சுட்டபின் வளர்கிறதா என்பதுதான் முக்கியம். அதனால் துப்பாக்கி காலி என்று உறுதி செய்துகொண்டு, துடைப்பதற்கு முன்னால் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். துடைத்தபின் பார்த்தால் பாதித் தகவல் துணியோடு போயிருக்கும்.

பேச்சுக்கு ஒரு துப்பாக்கி வேண்டுமென்றால் அமெரிக்காவில் அதிகம் புழங்கும் ஸ்மித் அண்ட் வெஸன் 686-ஐ எடுத்துக்கொள்ளலாம். துருப்பிடிக்காத எஃகு, .357 மேக்னம், ஆறு அறை. கறுப்பு வளையம் பளிச்சென்று தெரிவது இந்த மாதிரி வெள்ளை எஃகில்தான். ப்ளூயிங் (எஃகின் மேற்பரப்பை வேதிமுறையில் கருநீலமாக்கும் பூச்சு) செய்த கறுப்புத் துப்பாக்கியிலும் அதே வளையம் இருக்கும், கண்ணுக்கு அவ்வளவாகப் படாது.

வளையம் ஏன் வருகிறது? சிலிண்டர் சுழல வேண்டுமானால் அதன் முகப்புக்கும் குழலின் பின்முனைக்கும் நடுவே இடைவெளி இருந்தாக வேண்டும். நல்ல ரிவால்வரில் இது ஏறக்குறைய 0.004 முதல் 0.010 அங்குலம், அதாவது 0.1 முதல் 0.25 மில்லிமீட்டர். குண்டு அறையிலிருந்து குழலுக்குத் தாவும் அந்த நொடியில் பின்னால் வரும் வாயு இந்த இடுக்கு வழியே பக்கவாட்டில் பீறிடுகிறது. வெடிமருந்து எரியும் வெப்பம் 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். .357 மேக்னத்துக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. அந்த வாயுவில் இருக்கும் கரியும் ஈயத்தூளும் எஃகின் மேல் சுட்டு ஒட்டிக்கொள்வதுதான் வளையம். 1895-ஆம் ஆண்டு நகான் ரிவால்வர் போன்ற ஒன்றிரண்டு வடிவமைப்புகளில் மட்டும், சுடும் முன் சிலிண்டரே முன்னால் நகர்ந்து குழலோடு சேர்ந்துகொள்ளும். மற்ற ரிவால்வர்களில் வளையம் வராவிட்டால்தான் ஆச்சரியம்.

வளையத்தைப் பார்க்கும்போது இன்னொன்றையும் தேடுங்கள். கரிக்கு நடுவே பளிச்சென்று உரசிய வில் வடிவக் கீறல் இருக்கிறதா? இருந்தால் சிலிண்டர் முகப்பு குழலின் பின்முனையைத் தொடுகிறது என்று அர்த்தம். இடைவெளி மிகக் குறைவாக இருக்கலாம். அல்லது சிலிண்டர் முன்னும் பின்னும் ஆடுகிற அளவு கூடுதலாக இருக்கலாம். ஃபீலர் கேஜை (இடுக்கை அளக்கும் மெல்லிய உலோகத் தகடுகளை) நுழைத்து, சிலிண்டரை முன்னால் தள்ளி ஒரு தடவை, பின்னால் தள்ளி ஒரு தடவை அளந்தால் இரண்டும் தெரிந்துவிடும். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஆட்டம். அது அங்குலத்தின் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கைத் தாண்டினால் புதுத் துப்பாக்கிக்கு அதிகம். ஆறு அறைகளையும் ஒவ்வொன்றாகக் குழலுக்கு நேரே கொண்டுவந்து அளக்க வேண்டும். ஒரு பக்கம் நெருங்கி இன்னொரு பக்கம் விலகினால் சிலிண்டர் முகப்போ அதன் அச்சோ நேராக இல்லை.

வளையத்தைப் போக்க வேண்டுமா என்றால், என் பதில் வேண்டாம் என்பதுதான். அடுத்த ஆறு தோட்டாவில் திரும்ப வந்துவிடும். தளர்ந்த கரியை மட்டும் எண்ணெயும் நைலான் பிரஷும் கொண்டு எடுத்தால் போதும். ஈயம் நீக்கும் மஞ்சள் துணி என்று கடையில் விற்பதை வெள்ளை எஃகில் பயன்படுத்தலாம். ப்ளூயிங் உள்ள துப்பாக்கியில் தேய்த்தால் கரியோடு பூச்சும் போய்விடும். நிக்கல் முலாம் பூசியதில் அம்மோனியா கலந்த செம்பு நீக்கி கூடாது. முலாம் எங்காவது விரிசல் விட்டிருந்தால் அதன் வழியே அடியிலுள்ள செம்புப் படலத்தை அரித்து முலாமை உரித்துவிடும். டைட்டானியம் சிலிண்டர் கொண்ட இலகுரக மாடல்களில் இன்னும் கவனம் வேண்டும். அந்தச் சிலிண்டரின் மேல்பூச்சுதான் சூட்டைத் தாங்குகிறது. அதை உரசித் தேய்த்துவிட்டால் அறை வாய்களை வாயு அரிக்கத் தொடங்கும். தயாரிப்பாளரே கையேட்டில் உராய்வுப் பொருள் கூடாது என்று எச்சரிப்பது இதனால்தான்.

சரி, கசடு எல்லாம் ஒன்றல்ல. மெத்தென்ற கறுப்பு என்றால் வெடிமருந்துக் கரி. மங்கலான சாம்பல், நகத்தால் கீறினால் செதிலாக உரிவது ஈயம். குழலுக்குள் குண்டைச் சுழலவைக்க வெட்டிய வரிப்பள்ளங்களின் விளிம்பில் செந்நிறக் கோடுகள் தெரிந்தால் செம்பு மேலுறை போர்த்திய குண்டின் செம்பு. சிறு தட்டு போலவோ உருண்டையாகவோ கையில் நெருடுவது எரியாமல் மிஞ்சிய மருந்து. அழுத்தம் குறைந்த தோட்டாக்களில் இது அதிகம். இதில் ஈயம்தான் அதிகம் பேசும், ஏனென்றால் அது எங்கே படிகிறதோ அங்கேதான் காரணமும் இருக்கும். குழலின் பின்வாயை ஒட்டி, வரிகள் தொடங்கும் இடத்திலேயே படிந்தால் குண்டின் விட்டம் சிறிதாக இருக்கலாம். அல்லது அறையின் முன்வாய் குறுகலாக இருந்து, குண்டைப் பிழிந்து அனுப்புகிறது. மேலுறையில்லா ஈயக் குண்டுக்கு .358 அங்குலம் வழக்கம். அறை வாய் அதைவிடக் குறுகியிருந்தால் குழலுக்குள் போகும்போது ஓரம் அடைபடாமல் வாயு கசிந்து ஈயத்தை உருக்கும். குழல் ஃப்ரேமுக்குள் திருகப்பட்டிருக்கும் பகுதியில் மட்டும் படிந்தால், இறுக்கித் திருகியதில் உள்விட்டம் அங்கே சற்றுச் சுருங்கியிருக்கலாம். முனைப்பக்கம் மட்டும் படிந்தால் குண்டிலிருக்கும் மெழுகு கடைசிவரை போதவில்லை. முதல் இரண்டும் துப்பாக்கியைப் பற்றியும் இருக்கலாம். கடைசியில் சொன்னது தோட்டாவைப் பற்றியது.

இப்போது மிக முக்கியமான இடத்துக்கு வருவோம். குழலின் பின்வாய் புனல் மாதிரி விரிந்து இருக்கும். அறையிலிருந்து வரும் குண்டு மயிரிழை விலகி வந்தாலும் அதை ஏந்தி நேராக்குவது இந்தக் கூம்புதான். சுட்டபின் இதைச் சுற்றிச் சமமாகக் கரி இருந்தால் நல்லது. ஒரு பக்கம் மட்டும் ஈயம் அப்பியிருந்தால், அதே பக்கத்தில் ஃப்ரேமின் உட்பகுதியிலும் ஈயத் தெறிப்பு இருந்தால், குண்டின் ஓரம் கூம்பில் இடித்துச் சீவப்படுகிறது. பக்கத்தில் நின்றவர் கன்னத்தில் சுருக்கென்று ஏதோ பட்டதாகச் சொன்னால் அதை அலட்சியப்படுத்தக் கூடாது. அது சீவிய ஈயமாக இருக்கலாம்.

இதற்குச் சாட்சி வெற்று உறைகளிலும் கிடைக்கும். ஆறையும் குப்பையில் போடாமல் எந்த அறையிலிருந்து எது வந்தது என்று வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றின் பிரைமரிலும் (உறையின் அடி நடுவில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) ஃபயரிங் பின் குத்திய குழி நடுவில் இருக்க வேண்டும். ஆறிலும் கொஞ்சம் மேலேயோ கீழேயோ இருந்தால் பின் வரும் துளையின் இடம் அப்படி. தோட்டா வெடிக்கும்வரை அது பெரிய குறையல்ல. ஓர் உறையில் மட்டும் குழி பக்கவாட்டில் விலகியிருந்தால், அந்த அறை முழுதாக நேருக்கு வரும் முன்பே ஹேமர் விழுந்திருக்கிறது.

அதை உறுதி செய்ய ஒரு சோதனை. வெற்று உறைகளையே திரும்ப ஆறு அறையிலும் போடுங்கள். அவை வெறும் உறைதானா என்று இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்மித் அண்ட் வெஸன் வடிவமைப்பில் உறைகளை வெளியே தள்ளும் நட்சத்திரப் பாகத்திலேயே சிலிண்டரைத் திருப்பும் பற்களும் இருக்கின்றன. அறைகள் காலியாக இருந்தால் நட்சத்திரம் லேசாக ஆடி, இல்லாத கோளாறைக் காட்டும். பிறகு துப்பாக்கியைப் பாதுகாப்பான திசையில் பிடித்து, சிலிண்டரை விரலால் மென்மையாகத் தடுத்துக்கொண்டே ஹேமரைக் கட்டைவிரலால் மெல்லப் பின்னால் இழுங்கள். ஹேமர் முழுதாக ஏறி நிற்கும்போது, அடியிலிருந்து சிலிண்டரைப் பூட்டும் தாழ் தன் பள்ளத்தில் 'டிக்'கென்று விழுந்திருக்க வேண்டும். ஐந்து அறைகளில் விழுந்து ஒன்றில் மட்டும் விழாவிட்டால் அந்த ஒரு பல் குறைவாக வெட்டப்பட்டிருக்கிறது. ஆறிலும் விழாவிட்டால், பற்களைத் தள்ளிச் சிலிண்டரைத் திருப்பும் 'கை' என்ற உள்பாகத்தில் பிரச்சினை. இரண்டுமே தயாரிப்பாளருக்குத் திருப்பி அனுப்ப வேண்டியவை. நாமாக அரத்தை எடுக்கக் கூடாத இடம் இது.

சிலிண்டரைச் சுற்றி ஓடும் கோட்டுக்கு வருவோம். புதுத் துப்பாக்கி வாங்கியவர்களை அதிகம் வருத்துவது இதுதான், அழகு போய்விட்டதே என்று. ஸ்மித் அண்ட் வெஸனில் ட்ரிக்கரை இழுக்கத் தொடங்கியதும் தாழ் கீழே இறங்கும். சிலிண்டர் கொஞ்சம் திரும்பியதும் மேலே எழுந்து, அடுத்த பள்ளம் வரும்வரை சிலிண்டரை உரசிக்கொண்டே வரும். எனவே அதில் சுற்றுக்கோடு வடிவமைப்பின் பகுதி. கோல்ட் நிறுவனத்தின் பழைய இரட்டைச் செயல் ரிவால்வர்களில் (ட்ரிக்கரை இழுத்தாலே ஹேமர் ஏறி விழும் வகை) அப்படியல்ல. தாழ் பள்ளத்துக்குச் சற்று முன்னால், அதற்கென்றே சரிவாக வெட்டிய வழியில்தான் எழ வேண்டும். முழுச் சுற்றுக்கோடு தெரிந்தால் தாழ் சீக்கிரம் எழுகிறது என்று பொருள். ஒரே கோடு, இரண்டு துப்பாக்கியில் இரண்டு அர்த்தம். எந்த வடிவமைப்பு என்று தெரியாமல் யாராவது தீர்ப்புச் சொன்னால் நம்பாதீர்கள்.

கோட்டைவிட பள்ளத்தின் விளிம்பை உற்றுப் பார்ப்பது பயனுள்ளது. விரல் நுனியை ஓட்டினால் ஒரு பக்க விளிம்பில் சின்னப் பிசிறு தட்டுப்படலாம். கனமான சிலிண்டர் வேகமாகச் சுழன்று தாழில் மோதி நிற்பதால் எஃகு கொஞ்சம் நசுங்குகிறது. ஆரம்பத்தில் கொஞ்சம் நசுங்கி நின்றுவிட்டால் சரி. சுடச்சுட வளர்ந்துகொண்டே போனாலோ தாழ் பள்ளத்தைத் தாண்டி அடுத்த பக்கம் கீறல் தெரிந்தாலோ சரியில்லை. ஆறு அறை ஸ்மித் அண்ட் வெஸனில் இந்தப் பள்ளம் அறையின் மிக மெல்லிய சுவருக்கு மேலேயே வருகிறது. ரூகர் ஜிபி100-இல் அதைப் பக்கவாட்டில் தள்ளி வெட்டியிருக்கிறார்கள். சிலிண்டரை உதறி மூடுவது, மூடியபின் விரலால் சுழற்றி விளையாடுவது எல்லாம் இந்தத் தேய்மானத்தைக் கூட்டும்.

தோட்டாக்களின் பின்புறம் உரசும் தட்டில் வட்டமாகப் பித்தளைத் தீற்றலும் வெளிறிய கோடுகளும் வருவது சாதாரணம். ஆனால் ஃபயரிங் பின் துளையின் விளிம்பில் கூர்மையாகத் தட்டுப்பட்டால், பிரைமர்கள் அதில் மாட்டிச் சிலிண்டர் தடுமாறும்.

சுட்டுக்கொண்டிருக்கும்போதே சிலிண்டர் இறுகிவிட்டது, மூடவே முடியவில்லை என்று புகார் வந்தால், நான் முதலில் பார்க்கச் சொல்வது அந்த நட்சத்திரத்தின் அடியில். எரியாத மருந்துத் துணுக்கு ஒன்றே ஒன்று அங்கே போய் உட்கார்ந்தால் போதும், நட்சத்திரம் மயிரிழை தூக்கிக்கொண்டு நிற்கும், உறைகளின் அடி பின்தட்டில் உரசும். காலி உறைகளைத் தள்ளும்போது குழல் வானத்தைப் பார்க்க நிமிர்த்திப் பிடித்துச் சட்டென்று தள்ளினால் துணுக்குகள் உறைகளோடு கீழே விழுந்துவிடும். கிடைமட்டமாகப் பிடித்துத் தள்ளினால் உள்ளேயே தங்கும். எத்தனையோ "பழுதான" ரிவால்வர்கள் பழைய பல்துலக்கும் பிரஷால் சரியாகியிருக்கின்றன.

.357 துப்பாக்கியில் விலை குறைந்த .38 ஸ்பெஷல் தோட்டாவைச் சுடுபவர்களுக்கு இன்னொரு வளையம் அறைக்குள்ளேயே வரும். .38 ஸ்பெஷல் உறை 1.155 அங்குல நீளம், மேக்னம் உறை 1.29 அங்குலம். குட்டை உறையின் வாய் முடியும் இடத்துக்கு முன்னால் கரியும் ஈயமும் கட்டிக்கொள்ளும். அப்புறம் மேக்னம் தோட்டாவைப் போட்டால் உள்ளே போகாமல் அடம்பிடிக்கும், அல்லது போனது வெளியே வராது. அழுத்தித் திணிக்காதீர்கள். உறையின் வாய் கசடில் இறுகினால் குண்டை விட்டு விரிய இடமில்லாமல் அழுத்தம் கூடும். வெண்கல பிரஷால் அந்த இடத்தைச் சுத்தம் செய்தால் தீர்ந்தது.

மேல்பட்டையின் அடியில், இடைவெளிக்கு நேர் மேலே, கத்தியால் கீறியது போல ஒரு கோடு விழுவது மேக்னம் சுடுபவர்களுக்குப் பழக்கமானது. வாயு எஃகையே அரிக்கிறது. பார்க்கப் பயமாக இருந்தாலும் எஃகு ஃப்ரேமில் இது பெரும்பாலும் ஓரளவு ஆழத்தோடு நின்றுவிடும், ஏனென்றால் பள்ளம் ஆழமாக ஆக, வாயு மோதும் தூரமும் கூடுகிறது. இலகுவான குண்டும் அதிக மருந்தும் சேர்ந்த தோட்டாக்கள்தான் இதை வேகப்படுத்துகின்றன. அதே தோட்டாக்கள் இதைவிடப் பெரிய சேதமும் செய்திருக்கின்றன. 1955-இல் வந்த ஸ்மித் அண்ட் வெஸன் மாடல் 19-இல், சிலிண்டர் தாங்கிக்கு இடம் விட வேண்டி குழலின் பின்வாய்க் கூம்பை அடிப்பக்கம் சீவியிருந்தார்கள். சுவர் மெல்லிதான அந்த இடத்தில், 8.1 கிராம் எடையுள்ள 125 கிரெய்ன் குண்டுத் தோட்டாக்களை நிறையச் சுட்டவர்களின் துப்பாக்கிகளில் விரிசல் விழுந்தது. கொஞ்சம் பெரிய ஃப்ரேமில், அந்தச் சீவல் தேவைப்படாத கனமான குழலோடு 586, 686 மாடல்கள் வந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். பழைய மாடல் 19 வைத்திருப்பவர்கள் சுத்தம் செய்தபின் கூம்பின் ஆறு மணி திசையில், அதாவது அடிப்பக்கத்தில், டார்ச் அடித்து, மயிரிழைக் கோடு ஏதாவது தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். கரி நிரம்பிய கீறலும் விரிசலும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். கரைப்பான் தடவித் துடைத்தபின்னும் அதே இடத்தில் கோடு நின்றால் சுடுவதை நிறுத்திவிட்டுத் துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

குழலுக்குள் பார்க்கும்போது ஓரிடத்தில் மட்டும் முழுச்சுற்றாக ஒரு நிழல் வளையம் தெரிந்து, எவ்வளவு துடைத்தும் போகாவிட்டால் அது கறையே அல்ல. மருந்து போதாத தோட்டாவின் குண்டு நடுக்குழலில் நின்றுபோய், அடுத்த குண்டு அதை மோதித் தள்ளியபோது குழல் உப்பியிருக்கிறது. குழலை மாற்றத்தான் வேண்டும். ரேஞ்சில் ஒரு சத்தம் மட்டும் அமுங்கிக் கேட்டால், அடுத்த விசையை இழுக்காமல் நிறுத்தி, இறக்கிக் காலி செய்து, குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பது இதனால்தான்.

பெட்டியிலிருந்து எடுக்கும்போதே கரி இருந்தால் பழைய துப்பாக்கியை ஏமாற்றி விற்றுவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். தயாரிப்பாளர்கள் அனுப்பும் முன் சுட்டுப் பார்க்கிறார்கள். ஐரோப்பாவில் சர்வதேச விதிப்படி கைத்துப்பாக்கிகளை வழக்கமான உச்ச அழுத்தத்தைவிட 30 சதவீதம் கூடுதலான தோட்டாவால் சோதித்து முத்திரை குத்துகிறார்கள். அமெரிக்காவில் அப்படிச் சட்டமில்லை, நிறுவனங்களே சோதிக்கின்றன. எல்லா அறைகளிலும் இல்லாமல் சிலவற்றில் மட்டும் மெல்லிய வளையம் இருப்பதும் உண்டு. ஆறு வளையமும் தடித்து, பள்ள விளிம்புகளும் நசுங்கி, பின்தட்டும் தேய்ந்திருந்தால்தான் கடைக்காரரிடம் கேள்வி கேட்க வேண்டும்.

இந்தியாவில் உரிமம் பெற்றவர்கள் வைத்திருக்கும் ரிவால்வர்களில் .32 ஸ்மித் அண்ட் வெஸன் லாங் பரவலானது. அதன் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 15,000 பவுண்டுதான். மேல்பட்டை அரிப்பு அங்கே பெரிதாகப் பேச வேண்டிய விஷயமில்லை. மாறாக, உறை விரிந்து அறைச்சுவரை முழுதாக அடைக்கும் அளவுக்கு அழுத்தம் எழாததால் உறையின் வெளிப்பக்கத்திலும் அறைக்குள்ளும் கரி வழிந்திருக்கும். அழுக்கு அதிகம் என்பதால் துப்பாக்கி மோசம் என்று முடிவுகட்ட வேண்டாம்.

எதைத் துடைத்தாலும் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஈயமும் பிரைமரிலிருந்து வரும் ஈயச் சேர்மங்களும் கையில் ஒட்டும், அங்கிருந்து வாய்க்குப் போகும். சாப்பாட்டு மேசையில் இந்த வேலை வேண்டாம். துணிகளைத் தனியாகக் கட்டிப் போடுங்கள், முடித்ததும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள்.

துப்பாக்கியைத் திருப்பி அனுப்ப வேண்டி வந்தால் 'சரியாகச் சுடவில்லை' என்று ஒரு வரி எழுதிப் பயனில்லை. ஆறு அறைகளுக்கும் எண் போட்டு, ஒவ்வொன்றிலும் அளந்த இடைவெளி, எந்த அறையில் தாழ் விழவில்லை, எந்த உறையில் குழி விலகியது, ஈயம் கூம்பின் எந்தப் பக்கம் இருந்தது, எந்தத் தோட்டா, குண்டின் எடை என்ன என்று எழுதி, துடைக்கும் முன் எடுத்த படங்களையும் சேர்த்து அனுப்புங்கள். உறைகளையும் எண் எழுதிய சின்னப் பைகளில் போட்டு எடுத்துவையுங்கள். பழுது பார்க்கிறவர் கேட்கும்போது காட்ட வேண்டியிருக்கும்.